துருக்கியின் கடிகாரத்தில் நமது வெள்ளி இரவு



என் மகன் உதவித்தொகை பெற்றுத் துருக்கியில் பயிலச் சென்றபின், அவனுடைய மொழிப் பாடநூலின் மற்றொரு படியை நானும் வாங்கிப் படிக்கலானேன். நேரம் கூறும் பாடத்திற்கு வந்தபோது ஒரு வியப்பு காத்திருந்தது.

‘ஸாஅத் கச்?’ என்றால் மணி என்ன என்று பொருள். ‘ஸாஅத்’ என்பது நாம் அறிந்த அரபுச் சொல்லே. ஐந்தாகப் பத்து நிமிடம் இருப்பின், ‘பெஷெ ஒன் வர்’ என்பார்கள். ‘பெஷெ’ ஐந்துக்கு, ‘ஒன்’ பத்து, ‘வர்’ இருக்கிறது. “ஐந்துக்குப் பத்து இருக்கிறது” என்று நாம் கூறுவதை அப்படியே அவர்களும் கூறுகிறார்கள்! ஐந்து கடந்து விட்டாலோ, ‘பெஷி ஒன் கெச்சியோர்’. இங்கே நான்காம் வேற்றுமை போய் இரண்டாம் வேற்றுமை வந்து விடுகிறது. ‘ஐந்தைப் பத்து கடக்கிறது’. அரைக்குப் ‘புச்சுக்’ என்பர். ஆனால் பன்னிரண்டரைக்கு மட்டும் ‘யாரிம்’ எனத் தனிச்சொல் உண்டு. ஆண்டைக் கூறும்போது நம்மைப் போலவே ‘ஓர்’ என்னும் சொல்லின்றி வெறும் ‘ஆயிரம்’ என்றே தொடங்குகிறார்கள். தமிழறிந்தோர்க்கு இப்பாடம் கடினமன்று.

கிழமைகளின் பெயர்களோ இன்னும் சுவையானவை. ‘ஜுமா’ வெள்ளி. அதற்கடுத்த சனிக்கெனத் தனிப்பெயர் இல்லை. ‘ஜுமார்தெஸி’, அதாவது ஜும்ஆவுக்கு மறுநாள். ஞாயிறு ‘பஸார்’, சந்தை நாள். திங்கள் ‘பஸார்தெஸி’, சந்தைக்கு மறுநாள். மாதங்களில் ஷுபாத், நிஸான், ஹஸிரான், தெம்மூஸ், எய்லூல் ஆகியவை ஷாம் நாட்டு அரபுமக்களும் வழங்குபவை. 1945இல் நான்கு மாதங்களுக்குப் பழைய பெயர்கள் நீக்கப்பட்டன. அதன்படி ஜனவரி ‘ஒஜக்’ ஆயிற்று. அடுப்பு என்று பொருள். குளிர்காலத்திற்கு எத்துணைப் பொருத்தம்! அக்டோபர் ‘எகிம்’, விதைப்பு.

இனி, என்னை மிகவும் சிந்திக்க வைத்த செய்திக்கு வருகிறேன். உதுமானியர் காலத்தில் மஃரிபு நேரமே பன்னிரண்டு மணி. சூரியன் மறைந்ததும் புதிய நாள் பிறந்து விடும். இரவு ஒன்றரை என்றால் சூரியன் மறைந்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கிறது என்று பொருள். சூரியன் மறையும் நேரம் நாளுக்கு நாள் மாறுமாதலால் கடிகாரங்களை அடிக்கடி திருத்த வேண்டியிருந்தது. இஸ்தான்பூலில் கோடைக்கும் குளிர்காலத்திற்கும் இடையே மஃரிபு ஏறத்தாழ மூன்று மணி நேரம் மாறுகிறது. பெரிய பள்ளிவாசல்களை அடுத்து நேரம் கணிக்கும் அறைகள் இருந்தன. அங்கிருந்த ‘முவக்கித்’ என்னும் அலுவலர் கணித்த நேரத்தைக் கொண்டே மக்கள் தம் கடிகாரங்களைச் சரிசெய்து கொண்டனர்.

1925 டிசம்பர் 26ஆம் நாள் இயற்றப்பட்ட சட்டங்கள் இதனை மாற்றின. நள்ளிரவில் தொடங்கும் இருபத்து நான்கு மணி முறையும் ஆங்கில ஆண்டுக் கணக்கும் நாட்டின் முறைகளாயின. 1935இல் வார விடுமுறையும் வெள்ளியிலிருந்து ஞாயிறுக்கு மாறியது. அதற்கு முன் அரசு அலுவல்களில் ‘ரூமி’ என்னும் ஆண்டுக் கணக்கு வழங்கி வந்தது. ஆகவே முன்னோர் ஒருவரின் பிறந்த ஆண்டு ஆவணத்தில் 1310 என்றிருந்தால், 584ஐக் கூட்டி 1894 என அறிய வேண்டும். தம் பாட்டனாரின் வயதை அறியப் பேரன் கணக்குப் போட வேண்டிய நிலை!

ஆயினும் சட்டம் மாற்றிய நாளை நாவு முழுதும் விட்டுவிடவில்லை. கோன்யாவில் மகனின் நண்பருடைய பாட்டியார் ‘ஜுமா அக்ஷாமி’ உணவுக்கு வருமாறு அழைத்தாராம். சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘வெள்ளி மாலை’. உடன் பயிலும் இளைஞர்கள் வெள்ளிக்கிழமைக்கென்று குறித்துக் கொண்டிருக்க, இவன் வியாழன் மஃரிபுக்கே ஆயத்தமாகி விட்டான். மூதாட்டியார் கருதியதும் அதுவே. “எப்படியடா தெரிந்தது?” என்று கேட்டேன். “நம் வீட்டில் வெள்ளி இரவு என்றால் வியாழன் இரவுதானே உம்மா?” என்றான்.

ஆம், வியாழன் மஃரிபு தொழுதபின் யாஸீன் ஓத அமரும் நம் இல்லங்களில் அதுவே வழக்கு. ஆனால் என் இளைய மகளோ, “இன்று வியாழன்தானே, ஏன் வெள்ளி இரவு என்கிறீர்கள்?” என்று சென்ற வாரங்கூடக் கேட்டாள். தங்கள் பிள்ளைகளிடமும் கேட்டுப் பாருங்கள். என் மகளுக்கு விடை கூறும் பொறுப்பை அவளுடைய அண்ணனிடமே விட்டிருக்கிறேன். துருக்கி நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்தங்கியிருப்பதால், அங்கே ‘யெதி புச்சுக்’ ஆகும் ஏழரைக்கு அவன் அழைக்கும்போது இங்கே இரவு பத்து. அதுவரை அவள் உறங்காமல் காத்திருக்கிறாள்.