ஓர் அறைக்கு இவ்வளவா?

கிறிஸ்து பிறப்பு விழா அண்மிக்கும்போது இல்லத்திற்கு வெள்ளையடிப்பது நம் குடும்பங்களில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். நம் இளமைப் பருவத்தில் அதற்கெனப் பெருஞ்செலவு ஏதும் இருந்ததில்லை. கிளிஞ்சல் சுண்ணாம்பைப் பானையில் இட்டு நீர் வார்த்தால் அது கொதித்து அடங்கும். மறுநாள் அதைத் துணியில் வடிகட்டி, சிறிது நீலமும் பசையும் கலந்து, மட்டையால் சுவரில் பூசுவோம். தந்தையார் ஏணிமேல் நிற்பார். பிள்ளைகள் கீழே வாளி ஏந்துவோம். தரையில் சிந்தியதை அன்னையார் துடைத்துக்கொண்டே வருவார். சுண்ணாம்பின் விலை ஒன்றே செலவு. உழைப்பு நம்முடையதாதலால் அதற்கு விலை உண்டென்று எவரும் எண்ணியதில்லை.

இன்று அந்த மட்டையும் பானையும் பெரும்பாலான வீடுகளை விட்டுப் போய்விட்டன. சுவர்களுக்கு எமல்ஷன் வந்துவிட்டது. பெயிண்டரை அழைக்க வேண்டியிருக்கிறது. அவர் வந்து, அறையைச் சுற்றிப் பார்த்து, ஒரு தொகையைச் சொல்லும்போது, “ஓர் அறைக்கு இவ்வளவா?” என்ற கேள்வி நம்மையும் அறியாமல் வாயிலிருந்து வந்துவிடுகிறது. அக்கேள்வியை நாமும் கேட்டோம். கேட்டதால் நாம் கற்ற பாடத்தை வாசக அன்பர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஈராண்டுகளுக்கு முன் நம் அன்னையார் நோயுற்றுப் படுக்கையில் ஆனார். கோவிலுக்குச் செல்ல இயலாத அவருக்காக, மாதந்தோறும் முதல் வெள்ளியன்று பங்குத் தந்தை வீட்டிற்கு நற்கருணை கொண்டு வருவார். ஆண்டவர் எழுந்தருளும் அறை அழுக்கேறிக் கிடக்கலாகாது என்று அன்னையார் பலமுறை கூறவே, அந்த ஓர் அறைக்கு மட்டும் வர்ணம் பூசத் தீர்மானித்தோம்.

நம் பங்கைச் சேர்ந்த பெயிண்டர் ஒருவர் வந்து பார்த்தார். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, உயரம் பத்தடி. நான்கு சுவர்களும் சேர்ந்து 440 சதுர அடி; மேல்தளம் 120 சதுர அடி; கதவும் சன்னல்களும் கழித்தால் பூச வேண்டியது ஏறக்குறைய 500 சதுர அடி என்று கணக்கிட்டார். அன்னையாரின் கட்டிலுக்குப் பின்னிருந்த சுவரை உள்ளங்கையால் தடவி, “ஐயா, இந்தச் சுவரில் ஓதம் இருக்கிறது. வெளியே எங்கிருந்து தண்ணீர் இறங்குகிறது என்று பார்த்து முதலில் அதை அடைக்க வேண்டும்” என்றார். பின்னர் ஒரு தாளில் எழுதித் தந்தார்: அவருக்கும் உதவியாளருக்கும் ஐந்து நாள் கூலி 8,500 ரூபாய், பட்டி, பிரைமர், எமல்ஷன், கதவு சன்னல்களுக்கு எனாமல், உப்புத்தாள் முதலிய சாமான்கள் 4,500 ரூபாய், ஆக மொத்தம் 13,000 ரூபாய்.

“ஓர் அறைக்கு ஐந்து நாளா? ஒன்பதாயிரத்திற்கு முடித்துக் கொடு, தம்பி” என்றோம்.

அவர் சினந்துகொள்ளவில்லை. “சாமான் விலை கடைக்காரர் கையில் இருக்கிறது ஐயா. குறைப்பதென்றால் என் கூலியில்தான் குறைக்க வேண்டும். நாலாயிரத்தை அதில் கழித்தால் கூட வரும் பையனுக்கு நான் என்ன கொடுப்பேன்?” என்று கூறி, வணங்கிவிட்டுச் சென்றார். ஓதத்தைப் பற்றி அவர் கூறியதையும், தொகையை ஏற்றுவதற்கான தந்திரம் என்றே நாம் கருதினோம்.

வேறொருவரைத் தேடிப் பிடித்தோம். அவர் 8,000 ரூபாய்க்கு இசைந்தார். இரண்டே நாளில் வேலை முடிந்தது. பழைய பூச்சைச் சுரண்டவில்லை. பட்டியும் வேண்டிய அளவு இடவில்லை. முந்திய வர்ணத்தின் மீதே புதிய வர்ணம் ஏறியது. ஆயினும் கண்ணுக்கு அறை பளபளவென்று விளங்கியது. ஆரோக்கிய அன்னையின் திருநாளுக்கு வந்த உறவினர்களிடம், ஐயாயிரம் மிச்சப்படுத்திய கதையைப் பெருமையுடன் கூறினோம்.

ஐப்பசி பிறந்தது; அடைமழையும் தொடங்கியது. கட்டிலுக்குப் பின்னிருந்த சுவர் முதலில் கொப்புளம் கொப்புளமாக உப்பியது. பின்னர் வெள்ளையாக உப்புப் பூத்தது. அதன்பின் பொருக்குப் பொருக்காக உதிரத் தொடங்கியது. திருவருகைக் காலத்தின் முதல் வெள்ளியன்று, நற்கருணை வைப்பதற்காகத் தலைமாட்டு மேசைமீது விரித்திருந்த வெள்ளைத் துணியை நம் துணைவியார் இருமுறை உதறி விரித்தார். பங்குத் தந்தை உள்ளே வந்தபோது அதன் மேல் மீண்டும் வர்ணச் செதில்கள் கிடந்தன. தந்தையவர்கள் ஒன்றும் கூறாமல் தம் கையாலேயே அவற்றை அகற்றினார். நாம் தலைகுனிந்து நின்றோம்.

அன்று மாலை நம் துணைவியாரே சென்று முதலில் வந்த பெயிண்டரை அழைத்து வந்தார். அவர் வருவாரோ மாட்டாரோ என்ற ஐயம் நமக்கு இருந்தது. வந்தார். நேரே வீட்டின் வெளிப்புறம் சென்று, சன்னலுக்கு மேலிருந்த சன்ஷேடின் விரிசலைக் காட்டினார். மழைநீர் அதன் வழியே சுவருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

“விழாவிற்கு முன் முடித்துவிடுவாயா? நீ கேட்ட தொகையையே தருகிறோம்” என்றோம்.

“இப்போது வேண்டாம் ஐயா. ஈரச் சுவரில் எதைப் பூசினாலும் நில்லாது. விரிசலை அடைப்போம், மழை ஓயட்டும், சுவர் காயட்டும். தை கழிந்தபின் பூசிக்கொள்ளலாம்” என்றார்.

அன்பர்களே, இவ்விடத்தில் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். விழாக்காலத்தில் அவருக்கும் பணம் தேவை. நாம் கேட்டபடி பூசிவிட்டுத் தொகையைப் பெற்றுச் சென்றிருக்கலாம். அடுத்த மழையில் அது உதிர்ந்தால், இயற்கையின்மேல் பழிபோட்டிருக்கலாம். அவரோ கைக்கு வந்த வேலையைத் தள்ளிவைத்தார். சில மாதங்களுக்கு முன் நாம் தந்திரக்காரர் என்று எண்ணிய மனிதர் இவரே.

மாசி மாதத்தில் வேலை நடந்தது. ஆறு நாட்கள் ஆயின. அந்த நாட்களில்தான் பெயிண்டரின் தொழில் இன்னதென்று நாம் அறிந்தோம். சுண்ணாம்பு சுவரோடு ஒன்றிவிடும் இயல்புடையது. காற்றைப் பருகியே இறுகும். சுவரின் ஈரம் வெளியேறவும் வழி விடும். எமல்ஷனோ சுவரின்மேல் ஒரு மெல்லிய தோலைப்போல் படிவது. தூசியற்ற, உலர்ந்த பரப்பில்தான் அந்தத் தோல் ஒட்டி நிற்கும். ஆகவே பூசுவதைக் காட்டிலும் பூசுவதற்குச் சுவரை ஆயத்தப்படுத்துவதே பெரிய வேலை. பழைய பூச்சைச் சுரண்டுதல், ஓட்டைகளை அடைத்தல், பட்டி பார்த்தல், காயவிடுதல், மீண்டும் பட்டி பார்த்தல், உப்புத்தாளால் தேய்த்தல், பிரைமர் அடித்தல் என நான்கு நாட்கள் சென்றன. வர்ணம் பூசியது கடைசி இரண்டு நாட்களில் மட்டுமே. நம் கண்ணுக்குத் தெரிவது அந்த இரண்டு நாள் வேலைதான். சுவர் நிலைத்து நிற்பது முதல் நான்கு நாள் வேலையால்.

உப்புத்தாளால் தேய்க்கும்போது எழும் தூசி அவர் கண்ணிமையிலும் மூக்கிலும் படிந்தது. துணியால் முகத்தைக் கட்டிக்கொண்டும் இருமினார். சன்னலின் பழைய எனாமலைச் சுரண்டும் முன் அதை ஈரப்படுத்தினார். பேரக் குழந்தைகளை அறைப்பக்கம் வரவிடவில்லை. அன்னையாரை முன்கூட்டியே வேறு அறைக்கு மாற்றச் செய்தார். பழைய எனாமல் வர்ணங்களில் ஈயம் கலந்திருக்கக்கூடும். அதன் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். தொழிலாளியின் உடலிலும் நஞ்சாகச் சேரும். நம் நாட்டில் வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முன் பூசப்பட்டவை எத்தனையோ வீடுகளில் இன்றும் இருக்கின்றன. அவற்றைச் சுரண்டி எடுப்பவரின் மூச்சுக்கும் நாம் பேசும் கூலியில் பங்கு உண்டு என்பதை அதுவரை நாம் நினைத்ததே இல்லை.

அன்னையார் ஒவ்வொரு நாள் மாலையும் ஒரே கேள்வியைக் கேட்பார்: “அந்தப் பிள்ளைகளுக்குக் கூலி கொடுத்தாச்சா?” வேலை முடிந்தபின் மொத்தமாகக் கொடுக்கலாம் என்று நாம் கூறியபோது அவர் ஒரு செய்தியைச் சொன்னார். அவருடைய தந்தை கொத்தனாராக இருந்தவர். சில சனிக்கிழமைகளில், திங்களன்று தருவதாகக் கூறி முதலாளி அனுப்பிவிடுவாராம். “அப்பா வெறுங்கையோடு வரும் சத்தம் எங்களுக்குத் தெரியும். வாசலில் காலைக் கழுவிக்கொண்டே நெடுநேரம் நிற்பார்” என்றார். எண்பது வயதைக் கடந்தும் அந்த வாசற்படி ஓசை அவர் செவியை விட்டு அகலவில்லை. அன்றிலிருந்து பொழுது சாயும் முன்பே கூலியைக் கொடுத்துவிட்டோம்.

அன்னையார் வேதநூலை ஆராய்ந்தவரல்லர். ஆயினும் அவர் கூறியதும் மறைநூல் கூறுவதும் ஒன்றே. ஏழைக் கூலியாளின் ஊதியத்தைக் கதிரவன் மறையும் முன் கொடுத்துவிட வேண்டும் என்று இணைச் சட்ட நூல் கட்டளையிடுகிறது. பிடித்து வைத்துக்கொள்ளப்பட்ட கூலி கடவுளை நோக்கிக் கூக்குரலிடுவதாகப் புனித யாகப்பரின் திருமுகம் எச்சரிக்கிறது. 1891ஆம் ஆண்டில் திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் தம் சுற்றுமடலில், இருவரும் இசைந்துவிட்டனர் என்பதனாலேயே ஒரு கூலி நீதியானதாகிவிடாது என்று தெளிவுறுத்தினார். வறுமைக்கு அஞ்சிக் குறைந்த கூலிக்கு இசைபவன் அநீதிக்கு இரையாகிறான் என்பது அவர் போதனை. அம்மடலின் தொண்ணூறாம் ஆண்டு நிறைவையொட்டி, 1981இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், நீதியான ஊதியம் கொடுக்கப்படுகிறதா என்பதே ஒரு சமுதாயத்தின் நீதியை உரைத்துப் பார்க்கும் உரைகல் என்ற கருத்தை வலியுறுத்தினார். இவற்றையெல்லாம் ஆலை முதலாளிகளுக்கும் அரசுகளுக்கும் உரியவை என்றே நாம் எண்ணியிருந்தோம். ஐந்து நாள் வேலைக்கு ஒருவரை அமர்த்தும்போது, அந்த ஐந்து நாளும் நாமே முதலாளி என்பது நமக்கு உறைக்கவில்லை.

எட்டாயிரத்திற்கு வேலை செய்தவரையும் இங்கே நினைக்க வேண்டும். நெடுநாள் அவரை ஏமாற்றுக்காரர் என்று பழித்துவந்தோம். அந்தத் தொகைக்குள் சாமானும் வாங்கி, இருவர் கூலியும் காண வேண்டுமென்றால் இரண்டு நாளுக்குமேல் அவரால் எப்படி வேலை செய்திருக்க முடியும்? நாம் கொடுத்த விலைக்குரிய வேலையை அவர் செய்தார். சுரண்டுவாயா, பட்டி பார்ப்பாயா என்று நாம் கேட்கவுமில்லை. பழியில் பெரும்பங்கு நம்முடையதே.

இரண்டாம் முறை விரிசலை அடைத்தது உட்பட ஆன செலவு 14,500 ரூபாய். முன்பு கொடுத்த 8,000 ரூபாயையும் சேர்த்தால் ஓர் அறைக்கு 22,500 ரூபாய். ஐயாயிரத்தை மிச்சம் பிடிக்கப் போய் ஒன்பதாயிரத்து ஐந்நூறை அதிகமாகச் செலவழித்தோம்.

வருமானம் குறைந்த குடும்பங்களுக்குச் சிக்கனம் வேண்டாமா என்று கேட்கலாம். கட்டாயம் வேண்டும். ஆனால் சிக்கனத்திற்கு வேறு வழிகள் இருக்கின்றன. சாமான்களை அகற்றுவது, சுவரைத் துடைப்பது போன்ற வேலைகளை வீட்டாரே செய்து ஒருநாள் கூலியைக் குறைக்கலாம். உயர்ந்த ரக வர்ணத்திற்குப் பதில் நடுத்தர ரகத்தைத் தெரிந்துகொள்ளலாம். இவ்வாண்டு ஓர் அறை, மறு ஆண்டு மற்றோர் அறை எனப் பிரித்துச் செய்யலாம். பேசும்போதே எத்தனை சதுர அடி, எந்த வர்ணம், எத்தனை முறை பூச்சு, பட்டி உண்டா, சாமான் யார் வாங்குவது என்பவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டால் இருவருக்கும் மனத்தாங்கல் வராது. தொழிலாளியும் முன்பணம் பெற்றபின் வேறு வேலைக்கு ஓடிவிடாமல் சொன்ன நாளில் வந்து முடித்துத் தர வேண்டும். நீதி இருபுறத்திற்கும் பொதுவன்றோ?

இன்னொன்றையும் நம் பங்குகள் செய்யலாம். 1994இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பெயிண்டர்களும் பதிவு செய்துகொள்ள இயலும். பிள்ளைகளின் கல்விக்கு உதவி, விபத்து நேர்ந்தால் இழப்பீடு, முதுமையில் ஓய்வூதியம் ஆகியவை அதன்வழிக் கிடைக்கின்றன. பதிவு செய்யாதவர் நம் பங்குகளிலேயே இருக்கக்கூடும். வின்சென்ட் தே பவுல் சபையினரும் இளைஞர் இயக்கத்தினரும் ஒரு ஞாயிறு திருப்பலிக்குப் பின் அமர்ந்து, விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தால் அது சிறந்த அறச்செயலாகும்.

அன்னையார் சென்ற தவக்காலத்தில் இறைவனடி சேர்ந்தார். கடைசி நற்கருணையை அந்த அறையில்தான் பெற்றார். இரண்டு மழைக்காலங்களைக் கண்ட பின்னும் கட்டிலுக்குப் பின்னிருந்த சுவர் உதிரவில்லை. அடக்கத்திற்கு வந்த பெயிண்டர், தம்மையறியாமல் அச்சுவரை ஒருமுறை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தது.

மே மாதம் முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக 1955ஆம் ஆண்டில் திருச்சபை ஏற்படுத்தியது. நாசரேத்தில் அந்தத் தச்சரின் கதவைத் தட்டி வேலை கொடுத்தவர்களும் விலை பேசியிருப்பார்கள். அவர்கள் குறைத்த ஒவ்வொரு காசும் திருக்குடும்பத்தின் உணவிலிருந்தே குறைந்திருக்கும். அடுத்த முறை நம் வீட்டு வாசலில் ஒரு தொழிலாளி நின்று தம் கூலியைச் சொல்லும்போது இதை நினைவில் கொள்வோம். பேச வேண்டியதைப் பேசுவோம். எழுத வேண்டியதை எழுதிக்கொள்வோம். பொழுது சாயும் முன் கூலியைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இரவுச் செபத்திற்கு முழந்தாளிடுவோம்.