ரசம் போன கண்ணாடி

பெண்ணின் பிரசவத்துக்காகப் பாரிஸ் போயிருந்தேன். பேத்திக்கு மூன்று மாதம் ஆனதும், "வாம்மா, வெர்சேல்ஸ் அரண்மனையைப் பார்த்துட்டு வரலாம்" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளப்பிவிட்டாள்.

அங்கே உள்ள கண்ணாடிக் கூடத்தில் நுழைந்ததும் வாயடைத்து நின்றுவிட்டேன். 73 மீட்டர் நீளம்! ஒரு பக்கம் 17 ஜன்னல்கள். எதிரே 17 வளைவுகளில், வளைவுக்கு 21 வீதம் 357 கண்ணாடிகள். பதினான்காம் லூயி மன்னருக்காக 1678-ல் தொடங்கி 1684-ல் முடித்தார்களாம். வளைவுகளுக்கு இடையே பளிங்குத் தூண்கள். அவற்றின் உச்சியில் தங்க முலாம் பூசிய வெண்கல வேலைப்பாடு. நடுவில் லில்லிப் பூ, அதன் மேல் சூரியன், இரு புறமும் சேவல்! லில்லி அரச குலத்தின் சின்னம். சூரியன் லூயியின் சின்னம். சேவல் பிரான்ஸ் நாட்டைக் குறிப்பது.

பேத்தி கண்ணாடியில் தன்னையே பார்த்துச் சிரித்தாள். நானோ அதில் கறுத்த புள்ளிகளைப் பார்த்தேன்.

"ஏண்டி, ராஜா வீட்டுக் கண்ணாடியிலேயும் ரசம் போயிருக்கே!"

"ரசம்னா பாதரசம்தானேம்மா" என்றாள்.

இத்தனை வருஷம் அந்த வார்த்தையைச் சொல்கிறேன், யோசித்ததே இல்லை! வெள்ளீயத் தகட்டை விரித்து, பாதரசத்தை ஊற்றி, அதன் மேல் கண்ணாடியைப் பதித்துப் பாரம் வைப்பார்களாம். வெண்கலத்துக்குத் தங்க முலாம் பூசவும் பாதரசம்தான். அதன் ஆவியைச் சுவாசித்த தொழிலாளிகளுக்குக் கை நடுங்கியது, பல் விழுந்தது. வெனிஸ் நகரக் கண்ணாடித் தொழிலாளிகள் பட்ட பாட்டை 1700-லேயே ராமாசினி என்ற இத்தாலிய வைத்தியர் எழுதியிருக்கிறார். 1835-ல் லீபிக் என்ற ஜெர்மன் விஞ்ஞானி வெள்ளி பூசும் முறையைக் கண்டுபிடித்த பிறகே பாதரசம் மெல்ல விலகியது.

எனக்குத் திக்கென்றது. எங்கள் பாட்டியின் நிலைக்கண்ணாடி இன்னும் கூடத்தில் இருக்கிறது. சின்ன வயதில் அதன் பின்புறத்தை நகத்தால் சுரண்டி விளையாடியவள் நான். நாளைக்குப் பேத்தி அங்கேதான் தவழுவாள்!

உங்கள் வீட்டிலும் நூறு வருஷத்துக்கு முந்தைய கண்ணாடி இருந்தால், பின்புறத்தைச் சுரண்டாதீர்கள். குழந்தைக்கு எட்டாமல் மாட்டுங்கள். அடியில் வெள்ளி மணிபோல் துளி உருண்டால் கையால் தொடாதீர்கள், துடைப்பத்தால் பெருக்காதீர்கள். ஜன்னலைத் திறந்துவிட்டு, குழந்தைகளை வெளியே அனுப்பி, கெட்டியான காகிதத்தால் வழித்துச் சீசாவில் போட்டு மூடுங்கள்.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாகப் பாட்டியின் கண்ணாடியை உயரத்தில் மாட்டினேன். புள்ளியும் கறையுமாக இருந்தாலும், அதைத் தூக்கிப் போட மட்டும் மனசு வரவில்லை.