பன்னெண்டே பன்னெண்டு!

"இருக்கிற காமிராவுக்கு ஃபிலிம் வாங்கவே காசில்லை, இதுல இன்னொண்ணா?" ஹாஸ்டல்ல எல்லாரும் கேட்டாச்சு. சொல்றேன் பாஸ்!

முதல்ல இருந்தது நிக்கான் எஃப்எம்10. 35 எம்.எம்., ரோலுக்கு 36 படம். சிவகாசி பங்குனிப் பொங்கல் கூட்டத்தில் புகுந்து எடுக்க அதுதான் சரி. அதை விக்கலை. கூடச் சேர்ந்தது, மூடிப்போன ஒரு ஸ்டுடியோவில் கிடைச்ச யாஷிகா மேட் 124ஜி. 1970-ல் வந்த ஜப்பான் மாடல். மேல் லென்ஸ் பார்க்க, கீழ் லென்ஸ் படம் எடுக்க. 120 ரோல் போட்டா பன்னெண்டே படம். ஊட்டியில் 1960-ல் தொடங்கின இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், 'இந்து'ங்கிற பேர்ல ஃபிலிம் போட்டுச்சு. அந்த ஆலை மூடியாச்சு. இப்ப வெளிநாட்டு ரோல்தான். வாங்கி, கழுவி, ஸ்கேன் பண்றதுக்குள்ள மெஸ் பில் கண்ணுல தெரியும்!

அப்புறம் எதுக்கு? நெகட்டிவ் சைஸுக்கு. 35 எம்.எம்.ல 24க்கு 36 மில்லிமீட்டர். இதுல 56க்கு 56. பரப்பு மூணரை மடங்குக்கும் மேல. சுவரளவு பெருசாக்கினாலும் முகம் புள்ளி புள்ளியா உடையாது.

எங்க ஊர் எம். புதுப்பட்டி. இங்கே அது வெறும் டெக்னிக்கல் விஷயம் இல்லை. சுத்துவட்டாரமே பயராபீஸுக்கு, அதாவது பட்டாசு ஆலைக்கு, வேலைக்குப் போகுது. 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் கிட்டத்தட்ட 40 பேர் போனாங்க. இப்படி ஒரு சாவு விழுந்த வீட்டில் போட்டோ தேடினா, பல நேரம் கிடைக்கிறது அடையாள அட்டைப் படம்தான். ஸ்டாம்ப் சைஸ் முகத்தை இழுத்துப் பெருசாக்கி மாலை போடுவாங்க. கண்ணு எங்கே, மூக்கு எங்கேன்னு தெரியாது.

அதனால சாயங்காலம், வேலை விட்டு வந்து திண்ணையில் உக்கார்ற அக்காமார்களை எடுக்கிறேன். ஆலைக்குள்ள காமிராவோட போறதில்லை. யாஷிகாவோட மீட்டருக்கான பழைய மெர்க்குரி பேட்டரி இப்ப தயாரிப்பிலேயே இல்லை. வெளிச்சத்தை நிக்கான்ல அளந்து இதுல வைக்கிறேன். சின்னது பெருசுக்கு எடுபிடி!

இடுப்பளவில் பிடிச்சு, குனிஞ்சு கண்ணாடியில் பார்க்கணும். இடம் வலமாத் தெரியும். ஃபோகஸ் பண்ண நேரம் பிடிக்கும். "ஏய்யா, போட்டோ எடுக்கேன்னுட்டு தரையைப் பாத்துக்கிட்டு நிக்கிற?"ன்னு ஒரு அக்கா சிரிச்சுது. முகத்துக்கு நேரா காமிராவை நீட்டினப்போ முந்தானையை இழுத்து மூடின அதே அக்கா! குனிஞ்சு நிக்கிறவன்கிட்ட யாருக்கும் கூச்சமில்லை போல. அலுமினியப் பொடி ஒட்டின விரல் மடியில் மினுங்க, நேராப் பார்த்துச்சு. எட்டாவது படம் அது.

பிரிண்ட் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்துட்டு, "எங்க அம்மாவையும் ஒண்ணு எடுத்துரு. அதுகிட்ட ரேசன் கார்டு போட்டோ மட்டும்தான் இருக்கு"ன்னுச்சு. அடுத்த ரோல்ல நாலு பாக்கி இருந்துச்சு.