உறைபனியும் குருத்தும்

திருவனந்தபுரம் மாவட்டத்தில், பொன்முடி மலைக்குச் செல்லும் வழியில் உள்ள சிற்றூர் கல்லாறு. அங்குக் கமுகும் தென்னையும் பலாவும் தழைத்து நிற்கும். உறைபனியை அவ்வூர் அறியாது.

கல்லாற்றில் வளர்ந்த தமிழர் ஒருவர் பணியின் பொருட்டுத் தில்லிக்குக் குடிபெயர்ந்தார். தம் தாயார் கொடுத்தனுப்பிய தென்னங்கன்றையும், ஊர் மாங்கொட்டையில் முளைத்த கன்றையும் முற்றத்தில் நட்டார். ஊரில் வளர்வதுபோல் அவை தாமே வளரும் என்று எண்ணினார்.

தை மாதத்தில் மேகமும் காற்றும் இல்லாத ஓர் இரவு. நிலத்தின் வெப்பம் வானோக்கி வெளியேறியது. இலைகளில் இருந்த நீர் உறைந்தது. சில நாள்களில் இரு கன்றுகளும் கருகின.

பங்குனியில் மாங்கன்றின் அடித்தண்டில் தளிர் அரும்பியது. தென்னை துளிர்க்கவே இல்லை. மாவிற்குத் தண்டெங்கும் மொட்டுகள் உண்டு. தென்னைக்கோ உச்சிக் குருத்து ஒன்றே உயிர். அது பட்டால் மரமும் பட்டுப்போகும்.

"அப்பா, இதையாவது காப்பாற்றுவோம்" என்றாள் மகள்.

அண்டை வீட்டுத் தோட்டக்காரர் வழி சொன்னார். அடுத்த குளிர்காலத்தில் இருவரும் கன்றைச் சுற்றி வைக்கோல் வேய்ந்தனர். வெயில் படுவதற்காகத் தென்கிழக்குப் பக்கத்தைத் திறந்துவிட்டனர். குளிர் மிகுந்த நாள்களில் மாலையில் நீர் பாய்ச்சினர். ஈரமண் பகல் வெப்பத்தைச் சேமித்து இரவில் மெல்ல வெளிவிடும் அல்லவா?

மாங்கன்று பிழைத்தது. மகள் அன்றே கல்லாற்றுக்குத் தொலைபேசியில் பேசினாள்:

"பாட்டி, நம்ம ஊர் மாமரம் இங்கேயும் துளிர்த்துவிட்டது!"