பூச்சி பறக்கும் கண்

கண்ணில் பூச்சி பறக்கிறது என்பது ஒரே ஒரு கோளாறின் பெயரல்ல. பட்டினி கிடந்தவர் அதைச் சொல்வார். சட்டென்று எழுந்து தலைசுற்றியவரும் சொல்வார். ஒற்றைத் தலைவலி வருமுன் கோணல்மாணலாக ஒளிக்கோடு நெளியக் கண்டவரும் அதையே சொல்வார். ஆகவே கண் மருத்துவரின் முதல் வேலை கருவியில் தொடங்குவதில்லை. வந்திருப்பது எந்தப் பூச்சி என்று பேச்சிலேயே பிரித்தெடுப்பதில் தொடங்குகிறது.

மருத்துவர் மிதவை என்று அழைக்கும் உண்மையான பூச்சி ஒரு நிழல். விழிக்கோளத்தின் பெரும்பகுதியை விட்ரியஸ் எனப்படும் கூழ் நிரப்பியிருக்கிறது. இளநுங்கின் சதையைவிடத் தெளிவானது. சுமார் 4 மில்லிலிட்டர், ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. அதில் 98 விழுக்காடு தண்ணீர். அந்தத் தண்ணீரைக் கூழாகப் பிடித்து வைத்திருப்பவை மெல்லிய கொலாஜன் இழைகளும் ஹயலுரானிக் அமிலமும். வயது ஏற ஏறக் கூழ் ஆங்காங்கே நீர்த்துப்போகும், இழைகள் சேர்ந்து திரளும். அந்தத் திரளின் நிழல் பின்னாலுள்ள விழித்திரையில் விழும்போது நூலாகவும் கொசுவாகவும் தலைமுடியாகவும் தெரிகிறது. கண்ணைத் திருப்பினால் அதுவும் ஓடும். கண் நின்ற பிறகும் சற்று ஆடித்தான் அடங்கும். நேராகப் பார்க்கப் போனால் நழுவும். வெள்ளைச் சுவரிலும் வெயில் வானத்திலும் அது கூடுதலாகத் தெரிவதற்குக் காரணம், வெளிச்சத்தில் கண் பாப்பா சுருங்கி நிழல் கூர்மையாவதுதான். நீல வானத்தில் மினுக்மினுக்கென்று துள்ளி ஓடும் புள்ளிகள் வேறு. அவை விழித்திரையின் நுண்குழாய்களில் போகும் வெள்ளை அணுக்கள். எல்லோர் கண்ணுக்கும் தெரியும், நோயல்ல.

கூழ் நீர்த்துச் சுருங்கினால் ஒரு கட்டத்தில் விழித்திரையின் பின்பகுதியிலிருந்து கழன்றுவிடும். பெரும்பாலும் ஐம்பது வயதுக்குமேல் நிகழும் இது முதுமையின் ஓர் இயல்பு. கிட்டப்பார்வை அதிகம் உள்ளவர்களுக்கும் கண்புரை அறுவை முடிந்தவர்களுக்கும் முன்னதாகவே வரலாம். பார்வை நரம்பின் முகப்பில் ஒட்டியிருந்த இடம் வளையமாகப் பிய்ந்து மிதப்பதும் உண்டு; வந்தவர் வட்டமாக ஏதோ சுற்றுகிறது என்று விரலால் வரைந்து காட்டினால் பாதி விடை கிடைத்துவிட்டது. சிக்கல் எங்கே என்றால், கூழ் சில இடங்களில் விழித்திரையோடு இறுக ஒட்டியிருக்கும். விலகும்போது அங்கே இழுபடும். விழித்திரைக்கு வலி தெரியாது. அதை இழுத்தால் வெளிச்சமாகத்தான் உணரும். இருட்டறையில் கண்ணைத் திருப்பும்போது ஓரத்தில் மின்னல் வெட்டுவது அந்த இழுப்புதான். இழுப்பு மிஞ்சினால் விழித்திரை கிழியும். கிழிசல் வழியாக நீர் அடியில் புகுந்தால், ஈரச் சுவரிலிருந்து ஒட்டுத்தாள் உரிவதுபோல விழித்திரை உரியத் தொடங்கும்.

இதனால்தான் ‘எப்போதிலிருந்து?’ என்ற கேள்விக்கு அத்தனை எடை. ‘ரொம்ப வருஷமா இருக்கு டாக்டர்’ என்பவரைக் காத்திருக்கச் சொல்லலாம். ‘முந்தாநாள் சாயங்காலம், விடைத்தாள் திருத்திக்கிட்டிருந்தப்ப மை சிந்தின மாதிரி திடீர்னு’ என்பவரின் கண்ணில் அன்றே மருந்து விட்டுப் பார்க்க வேண்டும். வந்த நேரத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவதே ஓர் அறிகுறி. எந்தக் கண் என்பது பலருக்குத் தெரியாது. ஒவ்வொரு கண்ணாக உள்ளங்கையால் மூடிப் பார்க்கச் சொன்னால் வந்தவரே கண்டுபிடித்துவிடுவார். இரண்டு கண்ணிலும் ஒரே மாதிரி நெளிந்து, அரை மணி நேரத்தில் மறைந்துவிட்டது என்றால் எண்ணம் ஒற்றைத் தலைவலியின் பக்கம் திரும்பும்.

கண்ணாடிக் கடையின் எழுத்துப் பலகையில் கடைசி வரிவரை வாசித்துவிட்டதால் கண் நலம் என்று வீடு திரும்புவோர் உண்டு. கிழிசல் பெரும்பாலும் விளிம்பில் இருக்கும். எழுத்தை வாசிப்பது விழித்திரையின் நடுப்புள்ளி. விளிம்பைப் பார்க்கக் கண் பாப்பாவைச் சொட்டு மருந்தால் விரிக்க வேண்டும். அதற்கு அரை மணி நேரம் ஆகலாம். பிறகு சில மணி நேரம் எல்லாம் மங்கலாகக் கூசும் என்பதால் வண்டி ஓட்டக் கூடாது. மருத்துவர் தலையில் விளக்கை மாட்டிக்கொண்டு, கையில் ஒரு லென்சைக் கண்ணுக்கு முன் பிடித்து, மேலே, கீழே, மூக்குப் பக்கம், காதுப் பக்கம் என்று எட்டுத் திசையிலும் பார்க்கச் சொல்வார். இமைமேல் சிறு உலோகக் குமிழால் அழுத்தும்போது விளிம்பு உள்நோக்கி எழும்பி வரும். செந்நிறப் பரப்பில் குதிரை லாடம்போல ஒரு மடிப்பு தட்டுப்பட்டால் அதுவே கிழிசல். அதற்கு முன்பே துப்புக் கிடைப்பதும் உண்டு: கண்ணுக்குள் இருக்கும் லென்சுக்குப் பின்னால் பொடிப்பொடியாகப் பழுப்பு நிறத் துகள்கள் மிதந்தால், விழித்திரை எங்கோ கிழிந்திருக்கிறது என்று கொண்டு தேட வேண்டும்.

கிழிசலோடு நின்றிருந்தால் அதைச் சுற்றி லேசரால் இரண்டு மூன்று வரிசை தையல் போட்டதுபோல ஒட்டிவிடலாம். அந்த ஒட்டு உறுதிப்பட ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். உரியத் தொடங்கிவிட்டால் அறுவைதான். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் கண் மருத்துவர் ஜூல் கொனென் 1920களில், உரிதலுக்குக் காரணம் கிழிசலே, அதை அடைத்தால் விழித்திரை மீண்டும் படியும் என்று நிறுவும்வரை இது ஏறக்குறைய தீராத குருட்டுத்தனமாகவே இருந்தது. இன்றும் நடுப்புள்ளி உரிவதற்கு முன் வந்தவருக்கும் பின் வந்தவருக்கும் கிடைக்கும் பார்வையில் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

ஆகவே புதிதாகக் கொத்தாக மிதவைகள், மின்னல், ஓரத்திலிருந்து திரைபோல ஏறும் இருட்டு, பார்வை மங்கல் இவற்றில் ஏதொன்று வந்தாலும் அன்றே விழித்திரையைப் பார்க்கும் மருத்துவரிடம் போக வேண்டும். திங்கட்கிழமைவரை தள்ளக் கூடாது. சர்க்கரை நோயாளிக்குப் புகை படிவதுபோலவோ கறுப்பு நூல்கள் தொங்குவதுபோலவோ தெரிந்தால் உள்ளே இரத்தம் கசிந்திருக்கலாம். சிவப்பும் வலியும் கூச்சமும் சேர்ந்தால் உள்ளழற்சியைச் சந்தேகிக்க வேண்டும்.

இவை எதுவும் இல்லாத பழைய மிதவைக்கு மருந்து வேண்டாம். அதைக் கரைக்கும் சொட்டு மருந்தோ மாத்திரையோ கிடையாது. மூளை மெல்ல அதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடும். மிதவையும் கீழே தணியும். கூழையே எடுத்துவிடும் அறுவை உண்டு என்றாலும் கண்புரையை விரைவுபடுத்தும் என்பதால், வாசிக்கவே முடியாதபடி தொல்லைப்படுகிறவருக்கே அது பொருந்தும்.

புதிய மிதவைக்காக வந்து, முதல் சோதனையில் கிழிசல் இல்லை என்று தெரிந்தவரையும் நான்கு முதல் ஆறு வாரத்தில் மறுபடி வரச் சொல்வதுண்டு. கூழ் முழுதும் கழலாமல் பாதியில் நின்றிருக்கலாம். மிச்ச இழுப்பில் பிறகு கிழியலாம். இடையில் மிதவை கூடினாலோ மின்னல் வெட்டினாலோ குறித்த நாள்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்று சீட்டிலும் எழுதி, வாயாலும் ஒருமுறை சொல்லி அனுப்ப வேண்டும்.