பவளம் கற்பித்த பாடம்

முப்பத்தைந்து ஆண்டுகள் தமிழாசிரியனாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். ஐந்திணைகளுள் ஒன்றாகிய நெய்தலைப் பற்றி வகுப்பில் எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். தாழையும் புன்னையும் கழியும் கானலும் என் நாவில் தடையின்றி வரும். ஆயினும், கடற்கரையில் ஒரு நாளேனும் நின்று நிதானித்துப் பார்த்தவன் அல்லேன். வயல் சூழ்ந்த சிற்றூரிற் பிறந்து, ஏட்டின் வழியே கடலைக் கண்டவன். அக்குறையை எனக்கு உணர்த்தியது, 1999-ஆம் ஆண்டில் மாணவர்களோடு மேற்கொண்ட பாம்பன் பயணமாகும்.

விடியற்காலையில் எங்கள் புகைவண்டி, 1914-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற பழைய பாலத்தின்மீது மெல்ல ஊர்ந்தது. வடபால் பாக் விரிகுடா. தென்பால் மன்னார் வளைகுடா. இரு கடலையும் ஒருங்கே கண்ட மாணவர்களின் மகிழ்ச்சிக்கு எல்லையில்லை.

பாம்பனில் இறங்கித் தீவின் வடகரை வழியே நடந்தோம். ஓரிடத்தில், நீர்மட்டத்திற்கு மேலே கரடுமுரடான பாறை ஒன்று நீண்டு கிடந்தது. குனிந்து நோக்கினேன். சில இடங்களில் தேனடை போன்ற நுண்துளைகள்; சில இடங்களில் பூவிதழ் போன்ற வரிகள். “இது பவளப்பாறை” என்றார் உடன் வந்த அறிவியல் ஆசிரியர்.

உடனே மாணவன் ஒருவன் என்னை நோக்கி, “ஐயா, பவளம் கடலில் படரும் கொடி என்று தாங்கள் கற்பித்தீர்களே! கொடி எவ்வாறு கல்லாயிற்று?” என்று வினவினான்.

இலக்கியத்தில் வரும் பவளக்கொடி என்னும் சொல்லைக் கொண்டு, பவளத்தைக் கொடியினம் என்றே நான் எண்ணியிருந்தேன். அவ்வாறே கற்பித்தும் வந்தேன். விடை கூற நா எழவில்லை.

அறிவியல் ஆசிரியரே விளக்கினார். பவளம் கொடியுமன்று, கல்லுமன்று. அது மிகச் சிறிய கடலுயிர். கூட்டங் கூட்டமாக வாழும் அவ்வுயிர்கள், கடல்நீரிலுள்ள சுண்ணச் சத்தைக் கொண்டு தமக்குக் கூடு கட்டிக்கொள்கின்றன. பழைய கூட்டின்மேல் புதிய கூடு எழும். ஆண்டிற்கு ஒரு விரற்கடை அளவுகூட வளராத பவளங்களும் உண்டு. இங்ஙனம் பன்னெடுங்காலம் வளர்ந்தே பாறை உண்டாகிறது. அணிகலனாகும் செம்பவளம் வேறு; பாறை கட்டும் பவளம் வேறு; ஆயினும் இரண்டும் உயிரினங்களே. “கடலில் வாழும் பவளம் இங்கே கரையில் நிற்பதற்குக் காரணம் யாது?” என்று மாணவர் கேட்டனர். சில ஆயிரம் ஆண்டுகட்கு முன் கடல்மட்டம் இன்றினும் உயர்ந்திருந்தது. பின்னர் நீர் தாழ்ந்தபோது பாறை வெளிப்பட்டது என்றார் அவர்.

அருகே முதியவர் ஒருவர் வலையைச் செப்பனிட்டுக் கொண்டிருந்தார். அவரிடம் சென்று அமர்ந்தோம். “வாடை அடித்தால் இந்தப் பக்கம் தொழில் இல்லை, கொண்டல் வந்தால் வேறு கணக்கு” என்று காற்றின் இயல்பை எடுத்துரைத்தார். ஏட்டில் நான் கண்ட சொற்கள் அவர் வாயில் உயிரோடு உலவக் கண்டு வியந்தேன். பள்ளி காணாத அப்பெரியவர் சொல்லின் பொருளைத் தம் மேனியால் அறிந்திருந்தார்!

பவளத்தைப் பற்றிக் கேட்டபோது அவர் முகம் வாடியது.

“நானும் வெட்டியவன்தான் ஐயா. வள்ளம் வள்ளமாக அள்ளிச் சுண்ணாம்புக் காளவாய்க்கு விற்றோம். அன்றைக்கு அடுப்பு எரிய வேண்டுமே! கல் என்றுதான் நினைத்தோம். கல் போன இடத்தில் மீனும் இல்லை; அலை நேரே கரையில் வந்து மோதுகிறது. வேலியை நாங்களே பிடுங்கிவிட்டோம்” என்றார்.

அவர் கூறியது மிகையன்று. பாம்பன் முதல் தூத்துக்குடி வரை 21 தீவுகள் இருந்தன. பவளப்பாறைகளை வரம்பின்றி வெட்டியமையால் அவற்றுள் இரண்டு கடலில் மூழ்கின. இப்பகுதி 1986-ஆம் ஆண்டில் கடல்சார் தேசியப் பூங்காவாகவும், 2001-ஆம் ஆண்டில் பவளம் காட்டுயிர்ச் சட்டத்தால் காக்கப்படும் உயிராகவும் அறிவிக்கப்பெற்றன. எனினும் இன்னல் தீர்ந்தபாடில்லை. 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல்நீர் மிக வெப்பமுற்றதனால் பவளங்கள் வெளிறிப் பல மடிந்தன.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. முதியவர் பவளத்தைக் கல்லென எண்ணினார். நான் கொடியென எண்ணினேன். அவரோ வயிற்றுப்பாட்டிற்காக வெட்டி, தம் பிழையைச் சிறுவர் முன்னிலையில் ஒப்புக்கொண்டார். கற்றவன் எனப் பெயர் பெற்ற நானோ, மாணவன் கேட்டபோது வாய் திறவாது நின்றேன். எங்கள் இருவருள் உயர்ந்தவர் யார்?

ஊர் திரும்பிய மறுநாள் வகுப்பிற்குச் சென்றதும், “பவளத்தைப் பற்றி நான் கற்பித்தது பிழை” என்று கூறிவிட்டே பாடத்தைத் தொடங்கினேன். மாணவர்கள் என்னை இகழவில்லை. முன்னினும் மிகுதியாக வினவத் தொடங்கினர்.

மாணவர்களே! ஏட்டைப் போற்றுங்கள், அதனோடு நிலத்தையும் படியுங்கள். பாறையிடம் அதன் வயதைக் கேளுங்கள். வலைஞரிடம் காற்றின் பெயரைக் கேளுங்கள். அறியாததை அறியேன் என்று சொல்ல அஞ்சாதீர்கள். ஒன்றை உயிரென்று அறிந்தவன், அதனை அழிக்கக் கை ஓங்குமுன் ஒரு கணமேனும் தயங்குவான் அன்றோ?