ஆடலாம், விழக்கூடாது

உயரம் தாண்டுதலில் தங்கம் வாங்குகிறவர்கூடப் பெரும்பாலும் தோற்றுத்தான் வெளியே வருவார். ஜெயித்த பிறகும் பாரை ஏற்றச் சொல்வார். ஏதோ ஓர் உயரத்தில் மூன்று முறையும் தட்டிவிடும். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் கத்தாரின் பர்ஷிமும் இத்தாலியின் தம்பேரியும் 2.37 மீட்டர் வரை ஒரு தவறும் இல்லாமல் வந்தார்கள். 2.39-இல் இருவருக்கும் மூன்று எக்ஸ், மூன்று வாய்ப்பும் தவறு. தங்கத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். பதினைந்து வருடமாகப் பயிற்சி கொடுக்கிற எனக்கு இது தெரியாததல்ல. தெரிந்தும் ஒரு பிள்ளையைக் கெடுத்துவிடப் பார்த்தேன்.

அவள் அப்போது பிளஸ் ஒன். தாண்டி மெத்தையில் விழுந்ததும் தலையைத் திருப்பி பாரைப் பார்ப்பாள். அது ஆடிக்கொண்டிருந்தால் முகம் சுருங்கிவிடும். “இது கணக்குல வேண்டாம் சார்” என்று மறுபடி போய் நிற்பாள். “அப்படித்தான் இருக்கணும், சுத்தமா தாண்டணும்” என்று நானும் ஏற்றிவிட்டேன்.

அவளுக்கு ஒன்பது ஸ்டெப் ரன்-அப். முதல் ஐந்து நேராக, கடைசி நான்கு வளைவாக. வளைவில் உடம்பு உள்பக்கம் சாயவேண்டும்; டேக்-ஆஃபில் அந்தச் சாய்வு நிமிரும்போதுதான் ஆள் மேலே எழும்ப முடியும். டேப்பால் அளந்து மார்க் போட்டாலும் எதிர்க்காற்றுக்கும் கால் சோர்வுக்கும் அது நாலு விரற்கடை மாறத்தான் செய்யும். மற்றவர்கள் ஓட்டத்திலேயே சரிசெய்துகொள்வார்கள். அவள் நின்றுவிடுவாள்.

மாவட்டப் போட்டி, 1.45 மீட்டர். தாண்ட ஒரு நிமிஷம். ஓடினாள், வளைவில் நின்றாள். நேரம் இருக்கும்வரை திரும்ப ஓடலாம். மார்க்கை ஒரு விரல் தள்ளிவைத்தாள், ஓடினாள், நின்றாள். சிவப்புக்கொடி ஏறிவிட்டது. இரண்டாவது வாய்ப்பும் அப்படியே. மூன்றாவதில் குதிக்க மனம் வராமல் பாருக்கு அடியில் புகுந்து ஓடிவிட்டாள். போட்டி முடியும்வரை அவள் உடம்பு பாரில் ஒருமுறைகூடப் படவில்லை. “எனக்கு இது வராது சார்” என்றாள், பஸ்ஸில்.

அன்று இரவு எனக்கே உறைத்தது. 4 மீட்டர் நீளப் பார், 2 கிலோவுக்கு மேல் எடை இருக்கக்கூடாது. இரண்டு முனையும் 4 சென்டிமீட்டர் அகலத் தாங்கியில் சும்மா உட்கார்ந்திருக்கும், கட்டிவைப்பதில்லை. ஆடலாம், விழக்கூடாது, விதி அவ்வளவுதான். மூன்றாவது வாய்ப்பில் ஆடி நின்ற 1.50, முதல் வாய்ப்பிலேயே அழகாகத் தாண்டிய 1.49-ஐவிட மேல். ‘சுத்தம்’ நானாகச் சேர்த்த விதி.

மறுநாள் முதல் டேப் என் பையில். மார்க்கை வேண்டுமென்றே அரை அடி தள்ளிவைப்பேன். எப்படி வந்தாலும் குதித்தே ஆகவேண்டும். கடைசியில் அவளால் முடியாத உயரத்தில் மூன்று முறை தட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகவேண்டும். முதல் இரண்டு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

அடுத்த வருடம் அதே போட்டி. 1.50, மூன்றாவது வாய்ப்பு. குதிகால் உரசி பார் எகிறித் தடதடத்தது. மெத்தையில் மல்லாந்து கிடந்தவள் பாரைப் பார்க்கவில்லை, கொடியைப் பார்த்தாள். வெள்ளை.

1.53-இல் மூன்று எக்ஸ். வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பைக்ஸைக் கழற்றினாள்.

“கடைசி ஸ்டெப் நீண்டுபோச்சு, இல்ல சார்?”

“ஆமாம்மா. நாளைக்குப் பார்ப்போம்.”